மறுகால் பாய்ந்த கதை

ஒரு நாவல் கொஞ்சம் நன்றாக அமைந்துவிட்டால் போதும், "இதற்கு இரண்டாம் பாகம் உண்டா?" என்று கேட்டுக் கடிதம் எழுதும் வாசகர்கள் நம்மில் அநேகர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பழகிய மனிதர்களைப் பிரிய யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் இரண்டாம் பாகம் என்றால் என்ன என்பதில் கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் ஒரே அபிப்பிராயம் இருப்பதாகத் தெரியவில்லை. கதாநாயகியின் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள், வில்லன் சிறையிலிருந்து எப்போது வந்தான் என்ற தகவல்களை அறிய ஆசைப்படுகிறவர் ஒருவர். அதே தகவல்களை முந்நூறு பக்கத்தில் விற்க ஆசைப்படுகிறவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் கதை என்ற ஒன்று அகப்பட்டுத் திண்டாடுகிறது.

சினிமாவில் இந்தத் திண்டாட்டம் இன்னும் அதிகம். படத்தின் பெயருக்குப் பின்னால் 2 என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் கூட்டம் தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கை இப்போது தமிழ்ப் பட முதலாளிகளிடம் நன்றாக வேரூன்றிவிட்டது. இதில் ஒரு வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'பொன்னியின் செல்வன்' 2022-ல் ஒரு பகுதியும் 2023-ல் மறு பகுதியுமாக வந்ததே, அதை நான் இரண்டாம் பாகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே கதையை, உட்கார்ந்து பார்க்க முடிகிற அளவுக்கு இரண்டாகத் துண்டு போட்டார்கள். வேஷ்டியைக் கிழித்து இரண்டாக்கினால் இரண்டாவது துண்டை இரண்டாவது வேஷ்டி என்று யாரும் சொல்வதில்லை. நான் பேச வந்தது வேறு. ஒரு கதை முடிந்து, விளக்கை அணைத்து, கதவையும் சாத்திய பிறகு, அதே வீட்டுக்குள் மறுபடியும் நுழைகிற காரியத்தைப் பற்றி.

அப்படி நுழைந்து, வீட்டையே வேறு வீடாக்கிக் காட்டிய படம் ஒன்றை என் சிறு வயதில் பார்த்தேன். ஜேம்ஸ் காமரூன் டைரக்ட் செய்து, 1991 ஜூலையில் அமெரிக்காவில் வெளியான 'டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மெண்ட் டே'. விஞ்ஞானக் கதை. எதிர்காலத்திலிருந்து இரண்டு யந்திர மனிதர்கள் வருகிறார்கள். ஒன்று ஒரு பையனைக் கொல்ல வருகிறது, மற்றொன்று அவனைக் காக்க வருகிறது. கதை இவ்வளவுதான். துப்பாக்கியும் லாரியும் உருளுகிற படத்தைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசுவதாவது என்று என் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். கதை சொல்லும் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்துக்கு இந்தப் படத்துக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலம். ராஜசிங்கமங்கலம் என்ற ராஜ கம்பீரமான பெயரைப் பஸ் போர்டுக்கு அடங்குகிற மாதிரி சுருக்கிவிட்டார்கள். ஊருக்குப் பெருமை கண்மாய். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று ராமநாதபுரம் சீமை முழுவதும் வழக்கு. ஒரே மூச்சில் குறுக்கே பறந்து கடக்க நாரையாலும் ஆகாது என்று அர்த்தம். தண்ணீர் நிறைந்த வருஷத்தில் இது சரி. நிறையாத வருஷங்களில் நாரை நடந்தே போய்விடலாம். சீமைக் கருவேல முள்ளும், உப்புக் காற்றும், எப்போதோ ஒரு பஸ்ஸும் உள்ள இந்த ஊரிலிருந்து இங்கிலீஷ் படம் பார்க்க வேண்டுமானால் ராமநாதபுரம் போக வேண்டும். அமெரிக்காவில் ஓடிய படம் எங்கள் பக்கம் வந்து சேர அந்தக் காலத்தில் வெகு நாளாகும். பெரிய ஊர்களையெல்லாம் சுற்றிவிட்டு, திரை முழுவதும் மழை பெய்கிறாற்போலக் கீறல் விழுந்த பிறகுதான் பிரிண்ட் எங்களுக்குக் கிடைக்கும். நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் அழைத்துப் போனார்.

அந்தக் கொட்டகையில் அன்று இருந்தவர்களில் படத்தின் பாஷை புரிந்தவர் ஒருவராவது உண்டா என்பது சந்தேகம். முதல் பாகம் என்ற ஒன்று இருப்பதையும் யாரும் அறியார். 1984-ல் வந்த அந்தப் படம் எங்கள் சீமையை எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே இரண்டு பேர் வானத்திலிருந்து குதித்தாற்போல் வந்து நின்றதும், யார் நல்லவன், யார் கெட்டவன் என்ற கேள்வி எழுந்தது. ஒருவன் மலை போன்ற தேகம். மதுக்கடைக்குள் பிறந்த மேனியாக நடந்து வருகிறான். (மாமா என் கண்ணைப் பொத்தினார். விரலிடுக்கில் தாராளமாக இடம் விட்டிருந்தார்.) இன்னொருவன் ஒல்லி, போலீஸ்காரனைக் குத்திச் சாய்த்துவிட்டு அவன் உடுப்பில் வருகிறான். இருவரும் ஒரே பையனைத் தேடுகிறார்கள்.

பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மாமாவின் தோளைத் தட்டினார்.

"ஏந்தம்பி, இதுல எவன் கதாநாயகன்?"

"பெரிய ஆளு தாண்ணே. போஸ்டர்ல அவன்தானே பெருசா இருக்கான்!" என்றார் மாமா.

"அப்ப இந்தப் போலீசுக்காரன் எதுக்குப் பயலைத் தேடுறான்? பய எதுவும் களவாண்டுட்டானா?"

"ஆமாண்ணே, ஒரு பொட்டியில இருந்து பணத்தை எடுத்துட்டான்."

அந்தப் பெட்டி என்ன பெட்டி, கார்டைச் செருகினால் அது ஏன் நோட்டுகளாகக் கக்குகிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பையன் திருடினான் என்பதும் உண்மை, போலீஸ் உடுப்பில் வருகிறவன் அதற்காக வரவில்லை என்பதும் உண்மை. இரண்டும் அடுத்த பத்து நிமிஷத்தில் விளங்கிவிட்டன. கடைவீதி போன்ற பெரிய கட்டடம். அதன் பின்புறத்துக் குறுகிய நடை. ஒரு பக்கத்திலிருந்து ரோஜாப்பூப் பெட்டியுடன் பெரியவன் வருகிறான், மறுபக்கத்திலிருந்து போலீஸ் உடுப்பு வருகிறது, நடுவில் பையன். பூப் பெட்டியிலிருந்து துப்பாக்கி வெளிப்படுகிறது. பையன் உறைந்து நிற்கிறான். துப்பாக்கி வெடிக்கிறது, குண்டு படுவது பையனுக்குப் பின்னால் நிற்கிறவன் மேல். பெரியவன் பையனைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு, அத்தனை குண்டுகளையும் முதுகில் வாங்குகிறான். கொட்டகை எழுந்து நின்றது.

பாஷை தெரியாத ஒரு கூட்டம், முன்கதை தெரியாத ஒரு கூட்டம், படம் தொடங்கி அரை மணிக்குள் கதையின் மூலத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இது சாமானியமான காரியம் அல்ல. பேச்சு இல்லாமல் கதை சொல்லத் தெரிந்தவர்கள் மௌனப் பட காலத்தோடு போய்விட்டார்கள் என்று பெரியவர்கள் வருத்தப்படுவதுண்டு. காமரூனைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. அந்த ஒல்லி வேஷத்தைப் போட்ட ராபர்ட் பாட்ரிக் படம் முழுவதும் பேசுகிற வார்த்தைகளை ஒரு தாளில் அடக்கிவிடலாம். ஓடும்போது மூச்சு இரைப்பது தெரியக் கூடாது, சுடும்போது கண் இமைக்கக் கூடாது என்று அவர் பயிற்சி எடுத்துக்கொண்டாராம். எங்களுக்குப் பயத்தை உண்டாக்கியது அந்த இரைக்காத மூச்சுதான். உருகிய பாதரசம் போல் அவன் தரையிலிருந்து எழுவதும், கம்பிக் கதவுக்குள் புகையாய்ப் புகுந்து வெளியே வருவதும் உலகமே வாயைப் பிளந்து பார்த்த அதிசயங்கள். அவற்றுக்காக ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஆனால் இரண்டே கால் மணிக்கு மேல் ஓடும் படத்தில் கம்ப்யூட்டர் வரைந்த காட்சிகள் சுமார் ஐந்து நிமிஷந்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் உண்டாகவில்லை. கம்பிக்குள் புகுந்த அவனுடைய கைத்துப்பாக்கி மட்டும் கம்பியில் மாட்டிக்கொண்டு 'டக்' என்று நிற்கிறதே, அந்தச் சிறு விஷயத்தை நினைத்த மூளையை எந்தக் கம்ப்யூட்டரும் வரைய முடியாது.

ஒரே ஓர் இடம் மட்டும் எங்களுக்குப் புரியவில்லை.

பையனின் தாயைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவள் காவலர்களை அடித்துப் போட்டுவிட்டுத் தப்பி ஓடிவருகிறாள். எதிரே லிப்ட் கதவு திறக்கிறது. அவளைக் காப்பாற்ற வந்த பெரியவன் வெளியே வருகிறான். அவனைக் கண்டதும் அவள் கால்கள் வழுக்கி விழுகிறாள். பேயைக் கண்டவள் போல் அலறிக்கொண்டு, தான் எந்தக் காவலர்களிடமிருந்து தப்பினாளோ அந்தக் காவலர்களை நோக்கியே திரும்பி ஓடுகிறாள். "ஏன் மாமா அலறுறா?" என்று கேட்டேன். மாமாவுக்குத் தெரியவில்லை. பின்வரிசைப் பெரியவர், "புள்ளைத்தாச்சியா இருந்தப்ப எதையோ பார்த்துப் பயந்திருக்கா" என்றார். இதை அவர் எந்த ஞானத்தில் சொன்னார் என்று இன்றைக்கும் வியக்கிறேன். கிட்டத்தட்ட அதுதான் நடந்திருந்தது.

மூன்று வருஷம் கழித்து உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் கலர் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு தமிழ்ப் படம் முடிந்து, பெரியவர்கள் பந்தலிலேயே தூங்கிப்போன பிறகு, நடுச்சாமத்தில் எவனோ ஒருவன் முதல் 'டெர்மினேட்டர்' கேஸட்டைச் செருகினான். அதே முகம், அதே அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். ஆனால் அந்த முகம் டெலிபோன் டைரக்டரியில் ஸாரா கானர் என்ற பெயரைத் தேடி, அந்தப் பெயருள்ள பெண்களின் கதவைத் தட்டித் திறந்தவளைச் சுட்டுக்கொண்டே போகிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொல்கிறது. ஹோட்டலில் பரிமாறுகிற வேலை செய்யும் ஒரு சாதாரணப் பெண்ணைத் துரத்துகிறது. அவளைக் காக்க எதிர்காலத்திலிருந்து வந்த மனிதன், ரீஸ், அந்த யந்திரத்தோடு போராடியே உயிரை விடுகிறான். அவன்தான் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குத் தகப்பன்.

லிப்ட் கதவு திறந்ததும் அவள் ஏன் அலறினாள் என்பது எனக்கு அந்தப் பந்தலில், விடிய நாலு மணிக்குத் தெரிந்தது. அன்று கொட்டகையில் நான் எவனுடைய முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தேனோ, அவன் முகந்தான் இவளுக்கு எமனுடைய முகம். பல வருஷமாகக் கனவில் கண்டு அலறிய முகம் இன்று கையை நீட்டி, எழுந்து வா என்கிறது. பிழைக்க வேண்டுமானால் அந்தக் கையைப் பிடித்தாக வேண்டும். இரண்டாம் பாகத்தின் கதை முழுவதும் அந்த நீட்டிய கையில் இருக்கிறது. இதைக் காட்டுவதற்கு ஒரு முதல் பாகம் கட்டாயம் தேவை. அதே சமயம், அந்த முதல் பாகத்தைத் திரும்பச் சொல்கிற படம் இதைக் காட்டியிருக்க முடியாது.

காமரூனுடைய சாமர்த்தியம் இங்கேதான். முதல் படத்திலும் இரண்டு பேர்தாம் வருகிறார்கள். பெரிய உடம்புக்காரன் கொல்ல வருகிறான், ஒல்லியானவன் காக்க வருகிறான். இரண்டாவது படத்தையும் அதே வரிசையில் தொடங்குகிறார். முன் படத்தைப் பார்த்தவன், போலீஸ் உடுப்பிலிருக்கும் ஒல்லியனைத்தான் காவலன் என்று எண்ணுவான். அந்தக் குறுகிய நடையில் துப்பாக்கி வெடிக்கும் வரை ஏமாறுவான். அமெரிக்காவில் விளம்பரக்காரர்கள் படம் வருவதற்கு முன்பே இந்த ரகசியத்தை உடைத்துவிட்டார்கள். எங்களுக்கோ உடைப்பதற்கு ரகசியமே கிடையாது. இருந்தும் படம் நின்றது. முன்கதை தெரிந்தவனுக்கு ஒரு கதையாகவும், தெரியாதவனுக்கு இன்னொரு கதையாகவும், இரண்டு பேருக்கும் முழுக் கதையாகவும் நிற்கிறது. இரண்டாம் பாகத்துக்கு இதைவிடக் கடினமான பரீட்சை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. அதன் பிறகுதான், 1944-ல், காலத்தால் அதற்கு முந்திய 'சிவகாமியின் சபத'த்தைத் தொடங்கினார். வயது முதிர்ந்த நரசிம்மவர்மரை முதலில் சந்தித்துவிட்டு, சிவகாமியின் முன் நிற்கும் இளவரசர் மாமல்லரைப் பிறகு சந்தித்தவர்கள் அந்த நாள் வாசகர்கள். சக்கரவர்த்தியின் பொறுமைக்கு அடியில் என்ன துக்கம் கிடந்தது என்று அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. எனக்கு இன்னொரு ஒற்றுமைதான் அதிகமாகப் பிடிக்கும். பார்த்திப மகாராஜா யாரை எதிர்த்துப் போர் செய்து மாண்டாரோ, அந்தச் சக்கரவர்த்தியே சிவனடியார் வேஷத்தில் வந்து, மாண்டவரின் மகனை வீரனாக்கிக் காட்டுவதாக வாக்குக் கொடுக்கிறார். தகப்பனுக்கு யமனாக வந்தவன் மகனுக்குக் காவல். ஹாலிவுட்டில் இரும்புக்குள் ஒளித்து வைத்ததைக் கல்கி காவி வஸ்திரத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார் என்று சொல்வதற்கில்லை. இந்த முடிச்சுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. எந்தத் தேசத்தில் போட்டாலும் இறுகும்.

இன்னும் பின்னால் போனால் 'மணிமேகலை' இருக்கிறது. சிலம்பில் மாதவி யார்? குடும்பம் கெடக் காரணமானவள் என்று கண்ணகியின் பக்கம் நின்று பார்க்கிற எவரும் சொல்லிவிடக்கூடிய இடத்தில் இருக்கிறவள். சாத்தனார் கதையை எங்கே எடுக்கிறார்? அவள் துறவு பூண்டு, மகளையும் நாட்டியத்துக்கு அனுப்ப மறுக்கிற இடத்தில் எடுக்கிறார். புலவரும் வேறு, சமயமும் வேறு, சொல்ல வந்த விஷயமும் வேறு. ஆனாலும் அதைப் படித்த பிறகு சிலம்பின் மாதவியைப் பழைய கண்ணால் பார்க்க முடிவதில்லை.

எங்கள் ராமநாதபுரம் சீமையில் கண்மாய்கள் ஒன்றுக்கொன்று தொடர்ச்சி. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கைத் தாண்டி வழிந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். அந்த வழிகிற தண்ணீருக்கு மறுகால் என்று பெயர். 'மறுகால் பாய்கிறது' என்று சொன்னால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். நிறையாத கண்மாயின் கலுங்கை வெட்டிவிட்டுக் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிறவனும் உண்டு. அவனுக்கு எங்கள் பக்கம் வேறு பெயர். இரண்டாம் பாகம் எழுதச் சொல்லிப் பதிப்பாளர் ஒருவர் என்னைக் கேட்டபோது நான் இதைத்தான் அவருக்குச் சொன்னேன். அவர் பட்டணத்துக்காரர். கலுங்கு என்றால் என்னவென்று கேட்டார்.

படத்துக்கு வருகிறேன். அதில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து, பாலைவனத்தில் ஒரு பாழ் இடத்தில் எல்லோரும் இளைப்பாறுகிற பகுதி ஒன்று உண்டு. பையன் அந்த யந்திரத்துக்குக் கையோடு கை தட்ட, கட்டை விரலை உயர்த்திக் காட்டக் கற்றுக்கொடுக்கிறான். தூரத்தில் இருந்து தாய் பார்க்கிறாள். மகனுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் எத்தனையோ பேர் வந்து போனார்கள்; குடித்துவிட்டு அடிக்காமல், சலித்துக்கொள்ளாமல், விட்டுவிட்டு ஓடாமல் நிற்கப் போவது இந்த யந்திரம் ஒன்றுதான் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறாள். வார்த்தை எங்களுக்குப் புரியவில்லை. பார்வை புரிந்தது. கொட்டகையில் சீட்டியடித்துக்கொண்டிருந்தவர்கள் கூட அந்த இடத்தில் சும்மா இருந்தார்கள்.

இதற்கு எங்கள் கரையில் ஒரு காரணம் உண்டு. அன்று என் வகுப்பில் படித்த பையன்களில் பலருக்கு அப்பா சவூதியில் இருந்தார், அல்லது துபாயில், அல்லது மலேசியாவில். என் தகப்பனார் துபாயில். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். நடுவில் எங்களுக்கு அப்பா என்பது நேஷனல் பானாசோனிக் டேப் ரிகார்டர். கடிதத்துக்குப் பதிலாகக் கேஸட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அம்மா பொத்தானை அழுத்துவாள். "தம்பி, நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு அப்பா கொஞ்சம் நிறுத்துவார், நாங்கள் பதில் சொல்வதற்காக விட்ட இடம் அது. நான் யந்திரத்தைப் பார்த்து, "படிக்கிறேன்ப்பா" என்பேன். அடுத்த கேள்வி வரும். சில சமயம் நான் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிடும். சில சமயம் நான் சொல்லி முடித்த பிறகும் வெகுநேரம் நாடா மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். பையன் ஒருவன் யந்திரத்துக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதும், அது தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்வதும், அமெரிக்கப் பத்திரிகைகளில் வேடிக்கைக் காட்சி என்று எழுதப்பட்டிருப்பதைப் பிற்காலத்தில் படித்தேன். எங்கள் வரிசையில் யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் படத்துக்குச் செலவு சுமார் 64 லட்சம் டாலர். இரண்டாவதற்குச் சுமார் 10 கோடி டாலர். அந்தத் தேதிக்கு உலகத்தில் அதிகச் செலவான படம் என்றார்கள். பணம் பெருத்த இடத்தில் சதையும் பெருக்கும். இந்தப் படத்திலும் பெருத்திருக்கிறது. லாரித் துரத்தல் ஒரு முறை நடந்தது போதாதென்று இன்னொரு முறை நடக்கிறது. உலகம் அழியப் போவது பற்றித் தாய் பின்னணியில் பேசுகிற பேச்சில் உபதேச வாடை கொஞ்சம் தூக்கல். விஞ்ஞானி டைசனின் குடும்பத்தைக் காட்டுகிற காட்சிகள் அவசரத்தில் எழுதியவை. ஆனால் அதற்குள்ளும் ஒரு வைரம் கிடக்கிறது. நாளை உலகத்தை அழிக்கப் போகிற யந்திரத்தை இவன்தான் செய்யப் போகிறான் என்று தெரிந்து ஸாரா அவனைக் கொல்லப் போகிறாள். இன்னும் செய்யாத குற்றத்துக்காக, ஒரு வீட்டுக்குள் புகுந்து, பிள்ளைக்கு முன்னால் தகப்பன் தலைக்கு நேரே துப்பாக்கி பிடிக்கிறாள். அந்த நிமிஷம் அவள் முகத்தைப் பாருங்கள். முதல் படத்தில் கதவைத் தட்டித் தட்டிச் சுட்டதே, அந்த யந்திரத்தின் முகம் அது. அவளால் சுட முடியவில்லை, உட்கார்ந்து அழுகிறாள். யந்திரம் கொல்லாமலிருக்கக் கற்றுக்கொள்கிறது, மனுஷி யந்திரமாகப் பார்த்துத் திரும்புகிறாள். லிண்டா ஹாமில்டன் என்ற நடிகைக்கு இந்த வேஷத்துக்காக எவ்வளவு புகழ் கிடைத்தாலும் தகும். நம் படங்களில் தாய் என்றால் அழுகிறவள். இவள் அழுவதற்கு முன்னால் எவ்வளவு தூரம் போய்விட்டு வருகிறாள்!

படத்தின் கணக்குப்படி உலகம் அழிய வேண்டிய நாள் 1997 ஆகஸ்டு 29. கேபிள் டி.வி.யில் மறுபடி பார்த்து இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டோம் நானும் என் சிநேகிதன் ஒருவனும். அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் இருந்தது. மாலையில் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்தோம். கண்மாயில் தண்ணீர் இல்லை, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "இன்னும் அமெரிக்காவில் விடிந்து ஆகலை, பொறு" என்றான் அவன்.

அழியவில்லை. ஆனால் சினிமாக்காரர்கள் விட்டார்களா? காமரூன் முடித்த கதையை 2003-ல் வேறொருவர் திறந்தார். தாயும் மகனும் அவ்வளவு பாடுபட்டுத் தடுத்த அழிவை நடக்கவிட்டே தீர்ந்தார். 2009-ல் ஒன்று, 2015-ல் ஒன்று. 2019-ல் வந்ததில் காமரூனுடைய கையும் இருந்தது. அதில், இரண்டாம் படத்தில் அத்தனை பேரும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அந்தப் பையனைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டார்கள். நான் இந்தப் படங்களைத் திட்டப் போவதில்லை, சிலவற்றில் நல்ல சண்டை உண்டு. ஆனால் முடிவை அழித்தால்தான் தொடக்கம் கிடைக்கும் என்ற நிலைமை வந்துவிட்டால், அந்தக் கதையில் ஏற்கனவே தண்ணீர் வற்றிவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரிலும் இதே பரீட்சை நடந்தது. ஷங்கரின் 'எந்திரன்' 2010-ல் வந்தது. அதற்கான யந்திர வேலைப்பாடுகளில் பங்குகொண்ட அமெரிக்கத் தொழிற்கூடம், 'டெர்மினேட்டர் 2'-க்கு இரும்பு எலும்புக்கூடு செய்துகொடுத்த ஸ்டான் வின்ஸ்டனின் சீடர்கள் நடத்துவது. அது தற்செயலான உறவு அல்ல என்று படத்தின் முடிவைப் பார்த்தால் தெரியும். கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. கையைக் கழற்றி, காலைக் கழற்றி, ஒவ்வொருவரிடமும் விடைபெற்றுக்கொண்டு போகிறது. ரஜினிகாந்த் நடித்தவற்றில் எனக்குப் பிடித்த ஐந்து நிமிஷங்களில் அதுவும் ஒன்று. அரிவாளைத் தூக்காமல், வசனத்தை வீசாமல், ஒரு யந்திரமாக இருந்துகொண்டே தியேட்டரைக் கரைத்துவிட்டார்.

2018 நவம்பரில் '2.0' வந்தது. நான் மகளை அழைத்துக்கொண்டு முதல் நாளே போனேன். வில்லனாக வருகிறவர் பட்சிராஜன் என்ற பறவைப் பிரியர். செல்போன் கோபுரங்களால் பறவைகள் மடிவதைத் தாங்காமல் உயிரை விட்டவர். கண்மாய்க் கரையில் பிறந்தவனுக்கு இந்தக் கதை பிடிக்காமல் இருக்குமா? அந்த மனிதரின் முன்கதைதான் படத்திலேயே உயிருள்ள பகுதி. ஆனால் அந்தத் துயரம் சிட்டியை ஒன்றும் செய்வதில்லை. பட்சிராஜனை அடக்க ஆள் வேண்டும், ஆகவே கழற்றி வைத்ததை மாட்டினார்கள். மாட்டியதும் அது பழைய சாகசத்தைப் புதிய அளவில் செய்தது. முதல் படத்தின் கடைசியில் அது ஏன் தன்னைக் கழற்றிக்கொண்டது என்பது அதற்கே மறந்துவிட்டது போலிருக்கிறது. தண்ணீர் வேறு கண்மாயிலிருந்து வந்தது. இந்தக் கலுங்கின் வழியே வரவில்லை. வெளியே வரும்போது மகள், "அப்பா, அந்தப் பறவைத் தாத்தா பாவம்" என்றாள். சிட்டியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

'டெர்மினேட்டர் 2'-ன் முடிவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொதிக்கும் இரும்புக் குழம்பில் அந்த யந்திரம் இறங்குகிறது. தன்னைத் தானே அழித்துக்கொள்ள அதற்குச் சக்தி இல்லாதபடி செய்திருக்கிறார்கள். ஆகவே பொத்தானை அழுத்தி இறக்க வேண்டியவள் ஸாரா. முதல் படத்தில் அதை நசுக்கி அழிப்பதற்காகப் பொத்தானை அழுத்தியவளும் அவள்தான். அன்று வெறுப்போடு அழுத்தினாள். இன்று அதன் கையைப் பற்றி விடைகொடுத்துவிட்டு அழுத்துகிறாள். ஒரே காரியம், ஒரே கை. குழம்பு மூடுகிற நேரத்தில் பையன் கற்றுக்கொடுத்த அந்தக் கட்டை விரல் மட்டும் மேலே தெரிகிறது.

இதற்குப் பின்னால் காமரூன் இன்னொரு காட்சி எடுத்திருந்தார். 2029-ம் வருஷம், வெயில் அடிக்கும் பூங்கா, கிழவியான ஸாரா, வளர்ந்து பெரிய பதவிக்கு வந்துவிட்ட மகன், விளையாடும் பேத்தி. உலகம் அழியவில்லை, எல்லோரும் சௌக்கியம் என்று சொல்கிற காட்சி. எடுத்த பிறகு அதை வெட்டி எறிந்துவிட்டு, அதன் இடத்தில் இருட்டில் ஓடுகிற ஒரு சாலையை மட்டும் வைத்தார். காரின் விளக்கு வெளிச்சத்தில் தார் ரோடு வந்துகொண்டே இருக்கிறது. எங்கே போகிறது என்று தெரியாது. ராமநாதபுரத்துக் கொட்டகையில் அந்தச் சாலையை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை. கட்டை விரல் மறைந்ததுமே கதவுகளைத் திறந்துவிட்டார்கள். பகல் வெளிச்சம் திரையில் பாய்ந்து பாதிச் சாலையை அழித்துவிட்டது. மீதிப் பாதியைக் கடைசி பஸ்ஸுக்கு எழுந்தவர்களின் தலைகள் மறைத்துக்கொண்டன. மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார். அந்தச் சாலை முழுவதையும் நான் பார்த்தது கேபிள் டி.வி.யில்தான்.